ஃபிரோஸ்பூர் டைரி: கோதுமை, கால்வாய், முள்வேலி

வெள்ளி

ராமேஸ்வரத்துல இருந்து ஃபிரோஸ்பூருக்கு நேரா ஒரு ரயில் ஓடுதுன்னு நம்மாளுங்க நிறைய பேருக்குத் தெரியாது. ஹம்சஃபர், வாரத்துக்கு ஒரு நாள்தான், சென்னையில ஏறிப் படுத்தா ஆந்திரா, மகாராஷ்டிரா, ம.பி., ராஜஸ்தான்னு பாதி இந்தியாவ சுத்திக் காட்டிட்டு பஞ்சாப்போட மேற்கு ஓரத்துல கொண்டுபோய் விடும். ஆபீஸ்ல என் கூட வேலை பாக்குற பையனுக்கு இதுதான் சொந்த ஊரு, வைசாகிக்கு (பஞ்சாப் அறுவடைத் திருவிழா) வாங்கண்ணா, அறுப்பும் பாத்துடலாம்னு ரொம்ப நாளா நச்சரிச்சுட்டு இருந்தான், சரின்னு டிக்கெட் போட்டுட்டேன்.

ராஜஸ்தான்ல மணலும் முள்ளுச் செடியுமா பாத்துப் பாத்து கண்ணு பூத்துப்போன நேரத்துல கங்காநகர் பக்கம் திடீர்னு பச்சையும் மஞ்சளுமா வயல் வருது பாருங்க, யாரோ கோடு போட்டுப் பிரிச்சு விட்ட மாதிரி. அது இயற்கையா வந்த பச்சை இல்ல. 1927-ல பிகானேர் மகாராஜா கங்கா சிங் சட்லெஜ் ஆத்துல இருந்து வாங்கிட்டு வந்த கால்வாய்த் தண்ணி, அதனால ஊருக்கே அவர் பேரு. அந்தக் கால்வாய் கிளம்புற ஹுசைனிவாலா அணை இருக்கிறது நான் போற ஃபிரோஸ்பூர்ல. ஆக இந்த ரயில்ல வந்தா மொதல்ல தண்ணி போய்ச் சேர்ற இடத்தப் பாத்துட்டு அப்புறம் அது கிளம்புற இடத்துக்கு வர்றோம்.

ஸ்டேஷன்ல பையன் அவங்க பெரியப்பாவோட வந்து நின்னான். எல்லாரும் அவரத் தாயாஜீன்னு கூப்பிடுறாங்க, நானும் அப்படியே கூப்பிட ஆரம்பிச்சுட்டேன், அவரு என்ன புத்தர்ங்கிறாரு, பஞ்சாபில மகனேன்னு அர்த்தம். எனக்கு நாப்பது தாண்டியாச்சு, இருந்தாலும் கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. வீடு ஊருக்கு வெளியில கிராமத்துல, பெரிய முற்றம், ஒரு பக்கம் எருமை, ஒரு பக்கம் டிராக்டர், ஓரத்துல மண் தந்தூர். ராத்திரி ரொட்டி, கடி (நம்ம மோர்க்குழம்பு மாதிரி), காலிஃப்ளவர் பொரியல், ரொட்டி மேல வெண்ணெய வச்ச அளவப் பாத்து போதும்னு கைய மறிச்சேன், யாரும் கண்டுக்கல.

சனி

ஃபிரோஸ்பூர் சிட்டி பழைய கோட்டைக்குள்ள இருந்த ஊரு, பத்து வாசல். பேரக் கேளுங்க: டில்லி கேட், ஜீரா கேட், கசூரி கேட், முல்தானி கேட், பாக்தாதி கேட். அந்தக் காலத்துல எந்த ஊருக்கு வண்டி கட்டிப் போனாங்களோ அந்த ஊரு பேரத்தான் வாசலுக்கு வச்சிருக்காங்க. கசூர் இங்க இருந்து பக்கம்தான், நம்ம ஆளுங்க டீ குடிச்சுட்டு வர்ற தூரம். கசூரி கேட்ல இன்னிக்கு செருப்புக் கடையும் மொபைல் ரிப்பேரும் இருக்கு, அந்த ஊருக்குத்தான் பஸ் இல்ல.

ஃபிரோஸ் ஷா துக்ளக் கட்டின ஊருன்னு சொல்றாங்க. பிரிட்டிஷ்காரன் கைக்குப் போன கதைதான் எனக்கு சுவாரசியமா பட்டுது. இங்க ஆட்சி பண்ணிட்டு இருந்தது லச்மன் கௌர்னு ஒரு அம்மா, புருஷனும் இல்ல வாரிசும் இல்ல, 1835-ல அவங்க செத்துப் போனதும் வாரிசு இல்லாத சொத்து எங்களுக்குன்னு கம்பெனி எடுத்துக்கிச்சு. சட்லெஜுக்கு அந்தப் பக்கம் சீக்கிய மகாராஜா ரஞ்சித் சிங் ராஜ்யம், இந்தப் பக்கம் கம்பெனி, நடுவுல ஆறு. அப்பவே இது எல்லை ஊருதான், 1947-ல புதுசா ஆனது இல்ல. கண்டோன்மென்ட், ஆயுதக் கிடங்கு எல்லாம் வந்ததும் அதனாலதான்.

கண்டோன்மென்ட்ல சாரகர்ஹி குருத்வாரா. 1897 செப்டம்பர் 12, இப்ப பாகிஸ்தான்ல இருக்கிற மலைப் பகுதியில சாரகர்ஹின்னு ஒரு சின்ன சிக்னல் காவல் நிலை, உள்ள 36-வது சீக்கியப் படையச் சேர்ந்த 21 பேரு, ஹவில்தார் ஈஷர் சிங் தலைமை, வெளியில ஆயிரக்கணக்குல ஆப்கன் பழங்குடிப் படை. ஒருத்தரும் மிஞ்சல. அந்தப் படைய 1887-ல திரட்டினாங்க. குருத்வாரா 1904-ல திறந்தாங்க, செவுத்துல 21 பேரோட பேரும் வரிசையா இருக்கு. நான் போனப்ப ஒரு பாட்டி பேரனுக்கு ஒவ்வொரு பேரா விரல் வச்சு வாசிச்சுக் காட்டிட்டு இருந்தாங்க, அவன் பாதியில ஓடிட்டான், அவங்க விடாம மிச்சத்த தனக்குத்தானே வாசிச்சு முடிச்சுட்டுத்தான் நகர்ந்தாங்க. குருத்வாராவோட இலவச சாப்பாட்டுக் கூடம் லங்கர்ல பருப்பும் கீரும் சாப்பிட்டோம்.

தூரி பஜார்ல ஒரு பழைய மாடி வீடு இருக்கு, 1928-ல பகத் சிங்கும் அவர் கூட்டாளிங்களும் ரகசியமா தங்கி இருந்த இடம். கீழ கடை, குறுகலான சந்து. பெரிய நினைவுச் சின்னம்னு எதிர்பாத்துப் போனா ஏமாற்றம்தான், ஆனா ஒளிஞ்சு இருக்க இதவிட நல்ல இடம் கிடைக்காதுன்னு அந்த சந்துல நின்னாலே தெரியும்.

ஞாயிறு, வைசாகி

வருஷத்துல மார்ச் 23, வைசாகி, இந்த ரெண்டு நாளுக்குத்தான் ஹுசைனிவாலாவுக்கு ஸ்பெஷல் ரயில். மத்த நாள் அந்தத் தண்டவாளத்துல ஆடு மேயும். டீசல் வண்டி, கூட்டம்னா அப்படி ஒரு கூட்டம், ஜன்னல் வழியா பச்சக் குழந்தைய உள்ள குடுக்கிறாங்க, யாரு புள்ளைன்னே தெரியாம நானும் ஒண்ண வாங்கி மடியில வச்சுக்கிட்டேன், ரெண்டு நிமிஷம் கழிச்சு அவங்கம்மா சிரிச்சுக்கிட்டே வந்து சேந்தாங்க. மும்பையில இருந்து பெஷாவர் வரைக்கும் போயிட்டு இருந்த பஞ்சாப் மெயில் பிரிவினைக்கு அப்புறம் ஃபிரோஸ்பூரோட நின்னுபோச்சு. இந்த குட்டி ரயில் அதுக்கும் கொஞ்ச தூரம் மேல போய், தடுப்புக் கட்டை வச்சு தண்டவாளம் முடியற இடத்துல நிக்குது. முன்னாடி இது கசூர், லாகூர்னு போன லைன். ஆத்து மேல இருந்த பழைய பாலம் 1971 சண்டையில போச்சு, அதோட கோபுரத்துல குண்டு பட்ட ஓட்டை இன்னும் இருக்கு.

1931 மார்ச் 23 சாயங்காலம் லாகூர் ஜெயில்ல பகத் சிங், ராஜகுரு, சுக்தேவ் மூணு பேரையும் தூக்குல போட்டாங்க, குறிச்ச நாளுக்கு ஒரு நாள் முன்னாடியே. வெளியில கூட்டம் கூடிட்டதால பின்பக்க வழியா உடலக் கடத்திட்டு வந்து இந்த சட்லெஜ் கரையில ராத்திரியோட ராத்திரியா எரிச்சாங்க. 1947-ல கோடு போட்டப்ப அந்த இடம் பாகிஸ்தானுக்குப் போயிடுச்சு. 1961-ல ஃபாசில்கா பக்கம் சுலைமான்கி அணை கிட்ட இருந்த 12 கிராமத்தக் குடுத்துட்டு இந்த இடத்த இந்தியா திரும்ப வாங்குச்சு. இத நான் எந்த ஸ்கூல் புக்லயும் படிச்சதில்ல. எரிஞ்ச சாம்பலுக்கு பன்னெண்டு கிராமம், பதிலுக்கு பாகிஸ்தான் தன்னோட அணைக்குப் பாதுகாப்பு தேடிக்கிச்சு. அங்கயும் கணக்கு தண்ணிதான். 1968-ல நினைவிடம் கட்டினாங்க, 71-ல பாகிஸ்தான் படை வந்து உடைச்சுது, 73-ல மறுபடி கட்டினாங்க. அசெம்பிளியில பகத் சிங் கூட குண்டு போட்ட பி.கே. தத் 1965-ல டில்லி ஆஸ்பத்திரியில இறந்தாரு, என்னையும் அவங்க பக்கத்துலயே எரிங்கன்னு கேட்டு இங்கதான் எரிச்சாங்க. பகத் சிங்கோட அம்மாவுக்கும் இங்கதான். இன்னிக்கு திருவிழா நாள்ங்கிறதால அழுகாச்சி எதுவும் இல்ல, ஜிலேபி, ராட்டினம், மஞ்சத் துண்டு கட்டின பசங்க செல்ஃபி.

இப்ப அணை. 1920-கள்ல கட்டின மதகு, பக்கத்துல நின்னா பெரிய பிரமிப்பெல்லாம் வராது. ஆனா நாட்டோட கோடு வளைஞ்சதுல இதுக்குப் பங்கு இருக்கு. 1947 ஆகஸ்ட்ல, எல்லைக் கோடு போட்ட ராட்கிளிஃப்போட ஆபீஸ்ல இருந்து லாகூர் கவர்னருக்கு வந்த முதல் வரைபடத்துல ஃபிரோஸ்பூர், ஜீரா தாலுக்கா ரெண்டும் பாகிஸ்தான் பக்கம் இருந்துச்சு, ரெண்டுலயும் முஸ்லிம்தான் அதிகம். ஆகஸ்ட் 17 அறிவிப்பு வந்தப்ப ரெண்டும் இந்தியாவுல. நடுவுல என்ன நடந்துச்சுங்கிறதுக்கு இன்னிவரைக்கும் சண்டை. ஹுசைனிவாலா மதகு அந்தப் பக்கம் போனா என் கால்வாய் காஞ்சுடும்னு பிகானேர் மகாராஜா சாதுல் சிங் முட்டி மோதினது ஒரு காரணம், ஆயுதக் கிடங்கு இன்னொரு காரணம்னு சொல்றாங்க. மவுண்ட்பேட்டன் தலையிட்டார்னு பாகிஸ்தான் பக்கம் அடிச்சுச் சொல்றாங்க, ராட்கிளிஃப்போட செயலாளரா இருந்த கிறிஸ்டோபர் பியூமான்ட்டே 1992-ல அப்படித்தான் சொன்னாரு. எனக்கு அது நம்பற மாதிரிதான் இருக்கு.

சாயங்காலம் கொடி இறக்கற நிகழ்ச்சி. வாகா மாதிரி ஸ்டேடியம் கிடையாது, சின்ன இடம், அந்தப் பக்கத்து கண்டா சிங் வாலா கேலரியில உக்காந்திருக்கிறவங்க மூஞ்சி நல்லாவே தெரியுது. பஞ்சாபி ரெண்டு பக்கமும் ஒண்ணுதான், அவங்க மைக்ல கத்தறது இவங்களுக்குப் புரியுது, தாயாஜீ ஒரு வசனத்துக்கு அடக்க முடியாம சிரிச்சுட்டாரு, என்னன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிறாரு.

திங்கள்

நமக்கு சித்திரை ஒண்ணு. இவங்களுக்கு நேத்தே வருஷம் பொறந்தாச்சு. காலையில வீட்டுக்குப் போன் பேசிட்டு பைக்ல கிளம்பினோம்.

ஃபிரோஸ்ஷா கிராமம், 1845 டிசம்பர் 21, 22. முதல் ஆங்கில சீக்கியப் போர்ல பெரிய சண்டை. அதுக்கு மூணு நாள் முன்னாடி முத்கியில ஒண்ணு, 1846 பிப்ரவரி 10 சோப்ராவ்ல கடைசி. பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவுல தோல்விக்கு ரொம்பப் பக்கத்துல போன ராத்திரி ஃபிரோஸ்ஷாவோடது, கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச் நேர்ல களத்துல இருந்தாரு, தோத்துட்டா போயிடுமேன்னு தன்கிட்ட இருந்த நெப்போலியன் வாளை பத்திரமா அனுப்பி வச்சாராம். மறுநாள் புதுப்படையோட வந்த சீக்கியத் தளபதி தேஜ் சிங் அடிக்காம திரும்பிப் போயிட்டாரு. லால் சிங், தேஜ் சிங்னு அந்த ரெண்டு தளபதிங்க பேரச் சொன்னாலே துரோகிங்கன்னு இங்க டீக்கடையில இன்னும் திட்டு விழுது. சோப்ராவ்ல படகுப் பாலம் அறுந்து ஆத்துல போனவங்க ஏராளம், வயசான சீக்கியத் தளபதி ஷாம் சிங் அட்டாரிவாலா வெள்ளை உடுத்திட்டு வந்து செத்தது அங்கதான். ஃபிரோஸ்ஷால 1976-ல ஒரு மியூசியம் திறந்திருக்காங்க, துப்பாக்கி, வாள், பெரிய ஓவியம்.

மியூசியத்த விட அது நிக்கிற இடம் என்ன இழுத்துச்சு. பக்கத்துலயே ரெண்டு பெரிய கால்வாய் ஜோடியா ஓடுது, ஒண்ணு ராஜஸ்தான் போறது, இன்னொண்ணு சர்ஹிந்த் ஃபீடர், நடுவுல ஒரு கரைதான். ராஜஸ்தான் கால்வாய்ல தண்ணி சத்தமே இல்லாம அவ்வளவு வேகமா போகுது. அதோட மதகு இந்த ஜில்லா விவசாயிக்குத் திறக்காது, 204 கிலோமீட்டர், அதுல பெரும்பகுதி பஞ்சாப், ஹரியானா வழியா, சும்மா தாண்டிப் போய் அப்புறம் பாலைவனத்துல பாசனம் ஆரம்பிக்கும், மொத்தம் 649 கிலோமீட்டர். கரைக்கு கான்கிரீட் போடறேன்னு அரசாங்கம் சொன்னப்ப இந்தப் பக்கத்து விவசாயிங்க எதிர்த்தாங்க. கசியற தண்ணியாலதான் பக்கத்து போர்வெல்ல நல்ல தண்ணி வருது, தள்ளிப் போனா உப்பு.

ஜீரா வழியா ஹரிகே. போற வழியில மன்சூர்வால் கலான் கிராமம். எத்தனால் ஃபேக்டரி நிலத்தடித் தண்ணியக் கெடுக்குதுன்னு 2022 ஜூலையில வாசல்ல உக்காந்த ஜனங்க குளிர்லயும் எழுந்திரிக்கல, 2023 ஜனவரியில முதல்வர் மூடச் சொல்லிட்டாரு. பக்கத்துக் கடையில தண்ணி கேட்டா கேன் தண்ணிதான் குடுத்தாங்க.

ஹரிகே பாலத்துல எல்லாரும் வண்டிய நிறுத்துறாங்க. பியாஸும் சட்லெஜும் சேர்ற இடம், 1952-ல கட்டின அணை, பின்னாடி ஏரி, 1990-ல உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட ராம்சார் பட்டியல்ல சேத்தாங்க, குளிர் காலத்துல பறவை வரும், நான் போன சமயம் அதெல்லாம் கிளம்பிடுச்சு. பியாஸ் பக்கம் தண்ணி தெளிவு, டால்பின் கூட இருக்கு. சட்லெஜ் பக்கம் லூதியானா சாக்கடையும் சாயக் கழிவும் சேந்து கறுப்பா வருது, ரெண்டும் கொஞ்ச தூரம் ஒட்டாமலே போகுது, வாடை வேற. இதுதான் கலந்து கால்வாய்ல ஏறி தெற்கு மாவட்டங்களுக்கும் ராஜஸ்தானுக்கும் குடிதண்ணியாப் போகுதுங்கிறப்ப, பாலத்துக்குக் கீழ பொரிச்சுத் தர்ற மீன வாங்க எனக்கு மனசு வரல. பையன் ரெண்டு ப்ளேட் சாப்பிட்டான்.

செவ்வாய்

காலையில மண்டி. கோதுமை இப்பதான் வர ஆரம்பிச்சிருக்கு. டிராலியில இருந்து கொட்டறாங்க, குவியல், பங்கா மெஷின்ல தூத்தறாங்க, 50 கிலோ சணல் சாக்குல அடைச்சுத் தைக்கிறாங்க. தைக்கிறது தூக்கறது எல்லாம் பிகார்ல இருந்து வந்தவங்க. ஈரப்பதம் 12 சதவீதத்துக்கு மேல இருந்தா விலையக் குறைப்பாங்க, 14-ஐத் தாண்டினா எடுக்கவே மாட்டாங்க, போன வாரம் மழை வேற, ஒரு பெரியவர் குவியல் பக்கத்துல கட்டில் போட்டு ராத்திரியே வந்து படுத்திருக்காரு, மீட்டர் வச்சுப் பாத்து இன்னும் கொஞ்சம் காயட்டும்னு இன்ஸ்பெக்டர் போயிட்டாரு, பெரியவர் மறுபடி கால் வச்சே கோதுமைய வரி வரியா இழுத்து விட்டாரு. 2025 சீசனுக்கு குவிண்டால் 2,425 ரூபான்னு வச்சிருந்தாங்க. கமிஷன் ஏஜென்ட்டுக்கு, இங்க ஆர்த்தியான்னு பேரு, முன்னாடி ரெண்டரை சதவீதம், அப்புறம் குவிண்டாலுக்கு 46 ரூபான்னு நிறுத்தி வச்சிருந்தாங்க. 2021-ல இருந்து பணம் நேரா விவசாயி அக்கவுண்ட்டுக்கு வருது. அதனால ஆர்த்தியா பிடி விட்டுப் போச்சான்னு கேட்டேன், தாயாஜீ சிரிச்சாரு. கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ராத்திரி பத்து மணிக்கு எந்த பேங்க் திறந்திருக்கும்னாரு.

இங்க நிலத்த கில்லா கணக்குலதான் சொல்றாங்க, நம்ம ஏக்கர். கோதுமைய கம்பைன் அறுத்ததும் மிச்சத் தாள இன்னொரு மெஷின் தூரியா நறுக்கி டிராலியில ஊதி நிரப்புது, எருமைக்கு வருஷம் பூரா அதான். எரிக்கிறது பெரும்பாலும் நெல்லு வைக்கோல. 2009-ல நிலத்தடித் தண்ணியக் காப்பாத்த ஜூன் 10-க்கு முன்ன நெல்லு நடக் கூடாதுன்னு சட்டம் போட்டாங்க, நல்ல சட்டம்தான், ஆனா அறுப்பு தள்ளிப்போய் கோதுமை விதைக்க நாள் பத்தாம நெருப்பு வைக்கிறாங்க, டில்லி மூக்கப் பிடிச்சுக்குது. சாப்பாட்டுக்கு அரிசி தேவையே படாத ஊருல நெல்லு ஏன் போடறீங்கன்னு கேட்டேன். அரசாங்கம் எடுத்துக்குது, மோட்டாருக்குக் கரண்ட் ஃப்ரீ, வேற எதப் போட்டாலும் யாரு வாங்குவான்னு திருப்பிக் கேட்டாரு. அதுல ஒரு விதிவிலக்கு மிளகா. பஞ்சாப்ல மிளகா அதிகம் போடற ஜில்லா இது, வழியில ஒரு தோட்டத்துல பச்சை மிளகா மூட்டை ஏத்திட்டு இருந்தாங்க.

மதியம் மம்தோட் பக்கம். பிரிவினைக்கு முன்னாடி இது மம்தோட் நவாபோட ஜமீன், கடைசி நவாப் இஃப்திகார் ஹுசைன் கான் அந்தப் பக்கம் போய் மேற்கு பஞ்சாப்போட முதல் முதலமைச்சர் ஆனாரு. அங்க இருந்து வந்த ராய் சீக்கியர்ங்க ஆத்தோரத்துல காடு வெட்டி வயலாக்கி குடியேறினாங்க, 2007-ல அவங்கள பட்டியல் சாதியில சேத்தாங்க. ஆறு வழி மாத்தும்போதெல்லாம் மொதல்ல போறது அவங்க நிலம், 2023 வெள்ளத்துலயும் அதான்.

வேலி கிட்ட நம்மள விட மாட்டாங்க, கேட்டுக்கு முன்னாடி மரத்தடியிலயே நின்னுட்டேன். எல்லைக் கோடு இன்னும் தள்ளி இருக்கு, வேலிய உள்ள தள்ளிப் போட்டதால அந்தப் பக்கம் மாட்டிக்கிட்ட வயல் பஞ்சாப் பூராவும் இருக்கு. தாயாஜீயோட மச்சானுக்கு அதுல நாலு கில்லா. அவரு கார்டக் குடுத்து ரெஜிஸ்டர்ல எழுதி டிராக்டர் டூல் பாக்ஸத் திறந்து காட்டினாரு, சாப்பாட்டு டப்பாவையும் திறந்து, ரொட்டிய ஒண்ணொண்ணாப் பிரிச்சுப் பாத்தாரு எல்லைக் காவல் பிஎஸ்எஃப் ஜவான். ரெண்டு பேருக்கும் தினம் பழக்கம், நடுவுல கொத்தமல்லித் துவையல் நல்லா இருக்கான்னு பேச்சு வேற. சாயங்காலம் கேட் மூடறதுக்குள்ள வெளிய வந்துடணும். உயரமா வளர்ற பயிர் போடக்கூடாது, மறைக்கும். ராத்திரி காவல் இல்லாததால காட்டுப்பன்னி இஷ்டத்துக்கு மேயுது. ஏக்கருக்கு வருஷம் 10,000 ரூபா நஷ்ட ஈடுன்னு இருக்கு, ஒழுங்கா வர்றதில்லங்கிறாங்க. விக்கலாமேன்னு கேட்டேன். யாரு வாங்குவா, என்ன மாதிரி வேலி தாண்டினவனா இருந்தாத்தான் வாங்குவான், அவன்கிட்டயும் காசு இல்லன்னாரு.

ஏப்ரல் கடைசி

சென்னை வந்து ஒரு வாரத்துக்குள்ள காஷ்மீர்ல பஹல்காம் தாக்குதல் நடந்துடுச்சு. ஹுசைனிவாலாவுல கேட்டத் திறக்கறதும் கை குலுக்கறதும் நிறுத்தியாச்சு. வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற கோதுமைய ரெண்டு நாள்ல அறுத்து முடிங்கன்னு குருத்வாரா மைக்ல அறிவிச்சாங்களாம். தாயாஜீக்குப் போன் போட்டேன். மச்சானோட நாலு கில்லாவையும் வாடகை கம்பைன் வச்சு ஒரே நாள்ல அறுத்தாச்சு, தூரி எடுக்க நேரம் கிடைக்கல, கொஞ்சம் பச்சையாவே அறுத்ததால மண்டியில ஈரம்னு தள்ளி வச்சிருக்காங்க, காயுதுன்னாரு. அப்புறம் நெல்லு நடவு ஜூன் ஒண்ணாம் தேதியே ஆரம்பிக்கலாம்னு இந்த ஜில்லாவுக்கு சொல்லிட்டாங்களாம், நாத்தங்கால் வேலை இருக்கு, அப்புறம் பேசறேன்னு வச்சுட்டாரு.